‘ளரப’ என்னும் அரபு வினை: நஹ்வு (அரபு இலக்கணம்) அறிந்தோர் உதவ வேண்டுகிறேன்

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் மக்ரிப் (அந்தி) தொழுகைக்குப் பின் பெண்கள் சிலர் கூடி, குர்ஆனைச் சொல் சொல்லாகப் பொருளறிந்து ஓதி வருகிறோம். ளாத், ரா, பா என்னும் மூன்றெழுத்து வேரில் பிறந்த ‘ளரப’ என்ற வினை, 2:60இல் (2ஆம் அத்தியாயம், 60ஆம் வசனம்) கைத்தடியால் பாறையை அடிப்பதையும், 4:101இல் ‘ஃபில் அர்ளி’ (பூமியில்) என்பதோடு சேர்ந்து பயணத்தையும், 14:24இல் ‘மஸல்’ (உவமை) செயப்படுபொருளாக வர உவமை கூறுவதையும் குறிக்கிறது, இதுவரை தெளிவுதான். 18:11இல்தான் தடுமாறி நிற்கிறோம். குகையில் நெடுங்காலம் உறங்கிய குகைவாசிகளின் காதுகளின் மீது ‘ளரப்னா’ (நாம் அடித்தோம்) என்று வரும் அவ்விடத்தில் செயப்படுபொருளே இல்லை. ‘திரை’ என்னும் சொல் தொக்கி நிற்பதாக விரிவுரையாளர்கள் கூறுவர். அது இலக்கணப்படி வருவித்துக்கொள்ள வேண்டிய சொல்லா, அல்லது தொடர் முழுவதுமே உறங்கச் செய்தலைக் குறிக்கும் அரபு வழக்கா? ஆலிம்களும் ஆலிமாக்களும் அன்புகூர்ந்து விளக்குங்கள். பழைய அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) உரையை வீட்டில் பாதுகாத்து வைத்திருப்போர், இவ்வசனம் உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.