விவாதம்: மேக்கப் கேம்ஸ் நம் பெண் பிள்ளைகளுக்குக் கெடுதலா?

பட்டர்வொர்த் அம்மா:

இங்கே பினாங்கில் என் மகள் படிக்கும் பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். பள்ளிக் கணினி அறையிலும், மாலை நேரப் பராமரிப்பு வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டேப்லெட்டுகளிலும் மேக்கப் விளையாட்டுகள் இருக்கக் கூடாது. எதிர்க் கருத்து உள்ளவர்கள் இங்கேயே தயங்காமல் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டு போகிறேன்.

எதைச் சொல்கிறேன் என்று தெரியாதவர்களுக்காக: திரையில் ஒரு பெண் முகம் வரும். அடர்ந்த புருவம், கன்னத்தில் பரு, மூக்குக்கண்ணாடி, மாநிறம், அழுத கண். கீழே வரிசையாகக் கருவிகள். பருவைக் கிள்ள வேண்டும், புருவத்தைப் பிடுங்க வேண்டும், பிறகு ஏதோ ஒரு கிரீமை விரலால் தேய்க்க வேண்டும். விரல் போகிற தடம் மட்டும் வெளுத்துக்கொண்டே வரும். முகம் முழுக்க வெளுத்த பிறகுதான் அந்தப் பெண் சிரிப்பாள், திரையில் நட்சத்திரம் கொட்டும், அடுத்த முகம் திறக்கும். என் மகள் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் புருவம் அப்படித்தான் இருக்கும். அவள் நிறமும் அதுதான்.

2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் கூட்டத்தில் சொல்வேன். இங்கிலாந்தில் 8, 9 வயதுச் சிறுமிகள் 80 பேர். ஒரு குழுவுக்கு, காதலனோடு வெளியே போகும் பெண்ணை அலங்கரித்துவிடும் விளையாட்டு. இன்னொரு குழுவுக்குப் பென்குவின்களுக்குச் சாப்பாடு பரிமாறும் விளையாட்டு. பத்தே நிமிடம். அலங்கார விளையாட்டு ஆடிய பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடுதலாக இருந்தது. பெரியவளானால் என்ன வேலை என்று கேட்டதற்கும், பெண்களுக்கு என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகளையே அதிகம் விரும்பினார்கள். பத்து நிமிடத்துக்கே இப்படி.

தையல்காரி, லிட்டில் இந்தியா:

தங்கச்சி, கோபம் புரிகிறது. ஆனால் ‘மேக்கப் கேம்ஸ்’ என்று மொத்தமாக ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

தீபாவளி நெருங்கினால் என் கடைக்குப் பாவாடை தாவணி தைக்க வரும் பிள்ளைகள் பலர் கைப்பேசியோடுதான் வருகிறார்கள். படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், படிக்கிற பெண் ஒருத்தி, தான் விளையாட்டில் உடுத்திப் பார்த்ததைப் படம் எடுத்து வந்தாள். மயில்கழுத்து நிறத்துக்கு மாம்பழ மஞ்சள் பார்டர், கை லேசாகப் பஃப், முதுகில் கயிறு வேண்டாம், கொக்கி பக்கவாட்டில். அந்தப் பஃப் இந்தத் துணியில் நிற்குமா, தொய்ந்துவிடுமா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு அந்தக் கேள்வி தொழிலுக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தோன்றியது. இது கெடுதலா?

1996-இல் பார்பி ஃபேஷன் டிசைனர் என்று ஒரு கணினி விளையாட்டு வந்தது. முதல் இரண்டு மாதத்தில் 500,000-க்கு மேல் விற்றது. திரையில் உடுப்பை வடிவமைத்து, வீட்டு அச்சு இயந்திரத்திலேயே துணியில் அச்செடுத்து, வெட்டி ஒட்டிப் பொம்மைக்குப் போடலாம். கம்ப்யூட்டர் ஆம்பளைப் பையன்களுக்கு என்றிருந்த காலத்தில் பெண் பிள்ளைகளை அதன் முன் உட்கார வைத்த விளையாட்டு அது.

இன்னொன்றும் கேட்கிறேன். பையன்கள் நாளெல்லாம் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு யாராவது கோரிக்கை எழுதினார்களா? பெண் பிள்ளைக்குப் பிடித்தது என்றால் மட்டும் உடனே அற்பம், இல்லாவிட்டால் ஆபத்து.

தண்ணீர்மலை அப்பா:

தடை போட்டால் ஒளிந்து ஆடுவார்கள். அம்மாவின் கைப்பேசிக் கடவுச்சொல் தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறது?

உளவியல் மாணவி:

பட்டர்வொர்த் அக்கா, அந்த ஆய்வை நானும் வாசித்திருக்கிறேன். நல்ல ஆய்வுதான். ஆனால் அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதில் கவனம் வேண்டும். 80 பேர், ஒரே நாடு, ஆடி முடித்த கையோடு கேட்ட கேள்விகள். மறுநாள் காலையில் அந்த அதிருப்தி இருந்ததா, தினமும் ஆடினால் கூடுமா, பழகிப்போய்க் குறையுமா என்பதையெல்லாம் பத்து நிமிடச் சோதனையால் சொல்ல முடியாது.

2006-இல் பார்பியை வைத்து நடந்த ஆய்வையும் பாருங்கள். 5 முதல் 8 வயது வரை 162 சிறுமிகள். பார்பி படங்களைப் பார்த்த சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் இருந்த நல்லெண்ணம் குறைந்தது, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது. ஆனால் அதே ஆய்வில் வயதில் மூத்த பிள்ளைகளிடம் அந்த உடனடிப் பாதிப்பு தெரியவில்லை. அப்படியென்றால் முதலாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுகளை எல்லாம் ஆடித்தான் வளர்ந்தேன். என் நிறத்தைப் பற்றி எனக்கு வலித்த பேச்சு எதுவும் திரையிலிருந்து வரவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நிற்கும்போது பெரியம்மா நாலு பேர் முன்னால், “என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டே, யாரு கட்டிக்குவா?” என்றார். படிவம் இரண்டில் வலைப்பந்துக் குழுவில் இருந்தேன். வெயிலில் நின்றால் கறுத்துவிடுவேன் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த, முகத்தை வெளுக்கவைக்கும் கிரீம்களின் பெயரைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிட்டு எச்சரிக்கிறது. அந்தக் கிரீமை வாங்கி வீட்டில் வைப்பது ஒன்பது வயசுப் பிள்ளையா? வீட்டுக்குள் நாம் சொல்வதைத்தான் விளையாட்டு திருப்பிச் சொல்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் பெரியம்மாவை விட்டுவிட்டால் என்ன மாறும்?

பட்டர்வொர்த் அம்மா:

வலைப்பந்தை நிறுத்தியதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது தங்கச்சி. நான் அங்கே இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

என் கவலையும் அதில்தான் இருக்கிறது. பெரியம்மா பேசினால் என் காதில் விழும். “அக்கா, பிள்ளையிடம் அப்படிப் பேசாதீங்க” என்று அங்கேயே சொல்லலாம், மகளும் அதைக் கேட்பாள். டேப்லெட் அதையே சொல்லும்போது நான் அடுப்படியில் இருக்கிறேன். மறுத்துப் பேச ஆளில்லை. அதோடு, பெரியம்மா சொன்னால் பிள்ளை அழும். இதில் தன் விரலாலேயே ஒரு மாநிற முகத்தை வெளுக்கவைத்து, அதற்குப் பரிசும் வாங்குகிறது.

நிரலாளர், சுங்கை ஆரா:

நான் கைப்பேசி விளையாட்டு உருவாக்கும் வேலையில் இருந்தவன். தையல்கார அக்காவும் பட்டர்வொர்த் அக்காவும் இரண்டு வேறு விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். படம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் விதி வேறு.

உடுப்பு விளையாட்டில் பச்சைக்குச் சிவப்பு போட்டாலும் ஊதா போட்டாலும் விளையாட்டு ஏற்றுக்கொள்ளும். தவறான விடை என்று ஒன்று இல்லை. முகத்தைச் சரிசெய்யும் விளையாட்டில் அப்படியில்லை. புருவம் அடர்த்தி என்பது நிரலிலேயே ஒரு குறையாக எழுதப்பட்டிருக்கும், அதை நீக்காமல் அடுத்த கட்டம் திறக்காது. ‘எனக்கு இந்தப் புருவம் பிடித்திருக்கிறது’ என்று பிள்ளை சொல்ல அங்கே ஒரு பொத்தானும் கிடையாது. அது குறைதான் என்று ஒத்துக்கொண்டால்தான் ஆட முடியும். பிள்ளை பார்க்கிற படத்தைவிட, பிள்ளை ஒத்துக்கொள்ளவேண்டிய இந்த விதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இலவச விளையாட்டு எதில் சம்பாதிக்கிறது என்றும் பாருங்கள். நல்ல லிப்ஸ்டிக்குக்குப் பூட்டு. திறக்க விளம்பரம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டும். முகம் பாதி சரியாகி நிற்கும் நேரத்தில்தான் அந்தப் பூட்டு வரும். அந்த அவஸ்தை தற்செயல் கிடையாது. அந்த இடத்தில்தான் பிள்ளை விளம்பரத்தைத் தள்ளிவிடாமல் பார்க்கும் என்று கணக்குப் போட்டு வைப்பார்கள்.

செயலிக் கடையில் ‘3+’ என்று போட்டிருக்கிறதே என்று நம்பிப் பதிவிறக்குகிறோம். ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் பெகி (PEGI) தர முத்திரை எதையெல்லாம் எச்சரிக்கிறது தெரியுமா? வன்முறை, கெட்ட வார்த்தை, பயம், சூதாட்டம், பாலியல், போதைப்பொருள், பாகுபாடு, விளையாட்டுக்குள் பணம் செலவழித்தல். முகத்தையும் உடம்பையும் குறை சொல்வதற்கு அதில் தனி எச்சரிக்கை இல்லை. 2014 ஜனவரியில், ஒரு குண்டான பெண்ணுக்குக் கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சை செய்து ‘அழகாக்கும்’ விளையாட்டு ஆப்பிள் கடையில் 9 வயதுக்கு மேல் என்ற முத்திரையோடு கிடைத்தது. டுவிட்டரில் கண்டனம் கிளம்பிய பிறகுதான் எடுத்தார்கள். 2017-இல் மருத்துவம், உயிரியல் சார்ந்த அறநெறிகளை ஆராயும் பிரிட்டனின் நஃபீல்ட் உயிரறநெறி மன்றமும் இப்படிப் பிள்ளைகளைக் குறிவைக்கும் அழகு சிகிச்சைச் செயலிகளைக் கண்டித்தது. ஆகவே முத்திரையை நம்பிப் பயனில்லை, ஒரு கட்டமாவது நாமே ஆடிப் பார்க்க வேண்டும்.

தையல்காரி, லிட்டில் இந்தியா:

தம்பி சொன்னது சரியாக இருக்கிறது. முகத்தை வெளுக்கவைக்கும் விளையாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவே மாட்டேன். உடுப்பை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிறை டீச்சர்:

உடுப்பையும் அப்படியே விட்டுவிட முடியாது அக்கா. இப்போது ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் டிரஸ் டு இம்ப்ரெஸ் என்று ஒன்று ஆடுகிறார்கள். ஒரு தலைப்பு வரும், சில நிமிடத்தில் உடுத்திக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுப்பார்கள், முதல் மூன்று பேர் மேடையேறுவார்கள். கற்பனைக்கு நிறையவே இடம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். சில பிள்ளைகளின் யோசனை எனக்கே பிரமிப்பு.

ஆனால் அந்த ஆட்டம் என் வகுப்புக்குள் வந்தபோது என்ன ஆனது என்று சொல்கிறேன். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைத் தூண் பக்கம் நாலைந்து பெண் பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள், மற்றவர்கள் விரலைக் காட்டி நட்சத்திரம் போடுகிறார்கள். எல்லோரும் போட்டிருப்பது ஒரே நீலப் பினஃபோர்ச் சீருடை! உடுப்பில் வித்தியாசமே இல்லை என்றால் எதற்கு நட்சத்திரம் போடுகிறார்கள்? தலைமுடிக்கு, நிறத்துக்கு, உடம்புக்கு. ஒரு பிள்ளைக்கு எல்லோரும் ஒற்றை விரல் காட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டே போய்த் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவ ஆரம்பித்தாள், மணி அடிக்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.

பொம்மைக்கு டாக்டர் உடுப்பு போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். 2014-இல் அமெரிக்காவில் 4 முதல் 7 வயதுச் சிறுமிகள் 37 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பார்பியோடு சில நிமிடம் விளையாடிய சிறுமிகள், பையன்களால் செய்யக்கூடிய வேலைகளைவிடத் தங்களால் செய்யக்கூடியவை குறைவு என்றார்கள். உருளைக்கிழங்குப் பொம்மையோடு விளையாடியவர்களிடம் அந்த இடைவெளி சின்னதாக இருந்தது. டாக்டர் உடுப்பு பார்பிக்கும் ஃபேஷன் பார்பிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், மாணவி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தையல்காரி, லிட்டில் இந்தியா:

அந்தப் பிள்ளையை நினைத்தால் வயிறு எரிகிறது டீச்சர். ஆனால் ஒரு கேள்வி. மாறுவேடப் போட்டி வைத்து, மேடையில் நடக்கவிட்டு மார்க் போடுவது யார்? நம் பள்ளிகள்தானே? அதற்கு உடுப்பு தைத்துக் கொடுப்பவள் நான், தோற்ற பிள்ளையின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். நட்சத்திரம் கெடுதல் என்றால் அந்த மார்க்கும் கெடுதல்தான்.

உளவியல் மாணவி:

அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசளிப்பு விழா நடனத்துக்கு யாரை முன்வரிசையில் நிறுத்துகிறார்கள்? என்னை எல்லா வருடமும் பின்வரிசையில்தான் நிறுத்தினார்கள். நன்றாக ஆடுவேன் என்று அதே ஆசிரியர்தான் சொல்வார்.

பட்டர்வொர்த் அக்கா, உங்கள் கோரிக்கையில் இரண்டாவதாக ஒரு வரி சேருங்கள். நடனத்துக்கும் மேடைக்கும் பிள்ளைகளை நிறம், உடம்பு பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று. அதைச் சேர்த்தால் நானும் என் அம்மாவும் கையெழுத்துப் போடுகிறோம். என் தங்கச்சி அந்தப் பள்ளியில்தான் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள்.

பட்டர்வொர்த் அம்மா:

சேர்க்கிறேன். முதல் வரியையும் இப்படி எழுதப்போகிறேன்: முகத்தையோ உடம்பையோ குறை என்று காட்டித் திருத்தச் சொல்லும் விளையாட்டு எதுவும் பள்ளிச் சாதனங்களில் இருக்கக் கூடாது. உடுப்பு விளையாட்டு இருக்கட்டும், ஆனால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மார்க் போடும் வகை வேண்டாம். பராமரிப்பு வகுப்பில் புதிதாக எதைப் பதிவிறக்கினாலும் பெற்றோர் ஒருவர் முதலில் ஆடிப் பார்க்க வேண்டும். நிரலாளர் தம்பி, அதற்கு நீங்கள் ஒரு சனிக்கிழமை வர முடியுமா?

வீட்டில் ஒளிந்து ஆடுவார்கள் என்று தண்ணீர்மலை அண்ணன் சொன்னது உண்மைதான். வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளியே அதைக் கையில் கொடுக்கக் கூடாது.

நிரலாளர், சுங்கை ஆரா:

வருகிறேன் அக்கா. முன்கூட்டியே பட்டியலை அனுப்பிவிடுங்கள், விளம்பரம் எத்தனை வருகிறது என்றும் பார்த்துவிடலாம்.

உளவியல் மாணவி:

முதல் வரி மூன்றாம் ஆண்டு வரைக்கும் என்றால் முழு ஆதரவு. நட்சத்திரம் போடும் விளையாட்டை ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடமிருந்தும் பிடுங்குவதை நான் ஏற்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து ஆடி, ஏன் இவளுக்கு ஒன்று, ஏன் அவளுக்கு ஐந்து என்று கேட்டுப் பேசவைக்க வேண்டிய வயது அது. கூட்டத்துக்கு வருவேன், கையெழுத்தும் போடுவேன், இதை எதிர்த்தும் பேசுவேன்.