காரவன் நிறுத்தப் பத்திரமான இடம் தெரியுமா?

வணக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். போன மாதம் பழைய காரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கினோம். வீட்டு வாசலில் நிறுத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். வாட்ஃபோர்ட், செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் குளிர்காலம் முழுக்க விட்டுவைக்க நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

நேற்று ஒரு இடம் பார்த்தோம். விளம்பரத்தில் 24 மணி நேரக் கேமரா. நேரில் போனால் அந்தக் கேமரா மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; கேட்டில் துருப்பிடித்த சங்கிலி. அப்படியே திரும்பிவிட்டோம்.

நிறுத்துமிட உரிமையாளர் சங்கமான காஸோவா பாதுகாப்புக்காகத் தரும் தங்கத் தரம் அந்த இடத்துக்கு இருந்தால் இன்சூரன்ஸ் குறையும் என்கிறார்கள். சரி, வாடகை எவ்வளவு கூடும்? ஹிட்ச் லாக் (காரோடு இணைக்கும் கொக்கிக்கான பூட்டு), வீல் கிளாம்ப் (சக்கரப் பூட்டு) இரண்டும் போட்டுத்தான் விடுவோம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமையில் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் வண்டியை எடுக்க விடுவார்களா?