தமிழ்நாடு நாள்: நவம்பர் 1 தானா, ஜூலை 18 தானா?

விளவங்கோட்டுக்காரன்:
2019-இல் அன்றைய அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021 அக்டோபர் இறுதியில் முதலமைச்சர் ஸ்டாலின், இனி ஜூலை 18-தான் தமிழ்நாடு நாள் என்றும், நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைவுகூரும் நாளாக இருக்கும் என்றும் அறிவித்தார். இந்த மாற்றம் தவறு என்பது என் வாதம்.

மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்றுதான் நாங்கள் தமிழகத்தோடு சேர்ந்தோம். அதுவரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. எங்கள் வீட்டு மரப்பெட்டியில் கொல்லம் ஆண்டு 1120-இல் (1944-45) எழுதப்பட்ட நிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. விற்றவரும் தமிழர், வாங்கிய என் தாத்தாவும் தமிழர். பத்திரமோ முழுக்க மலையாளத்தில். கையொப்பமிட்டுப் பெற்ற பத்திரத்தை அவரால் கடைசிவரை படிக்க முடியவில்லை. அந்த நிலையை மாற்றக் கேட்டவர்கள்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததும் 1956-இல்தான். இத்தனை உயிர்களின் பயனாக வந்த நாளை விட்டுவிட்டு, 1967-இல் சட்டப்பேரவையில் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட ஒரு தீர்மானம் நிறைவேறிய நாளை எப்படி மாநிலத்தின் நாளாகக் கொள்வது?

அரசிதழ் பித்தன்:
குமரி மாவட்டத்தாரின் உணர்வை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் சங்கரலிங்கனாரை நீங்கள் நவம்பர் 1-இன் கணக்கில் எழுதியது பொருந்தாது. 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் அவர் உண்ணாநோன்பைத் தொடங்கியபோது முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் மக்கள் நினைவில் நின்றது, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பதுதான். அக்டோபர் 13 அன்று அவர் இறந்தார். அதற்குப் பத்தொன்பதாம் நாள் நீங்கள் சொல்லும் நவம்பர் 1 வந்தது. அன்றும் இந்த மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம்தான். அவர் கேட்டதை அந்த நாள் தரவில்லை.

நவம்பர் 1 நம் அண்டை மாநிலத்தாருக்குக் கூடுகை நாள். பம்பாய், ஐதராபாத், குடகு என்று சிதறிக் கிடந்த கன்னடப் பகுதிகள் மைசூரோடு சேர்ந்தன. மலபார் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்து கேரளம் பிறந்தது. நமக்கோ அது பாகப்பிரிவினையில் மற்றவர்கள் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு போன பிறகு எஞ்சிய வீடு. ஆந்திரம் 1953-லேயே பிரிந்துவிட்டது. 1956-இல் மலபாரும் தென் கன்னடமும் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. உங்கள் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் வந்தது உண்மையான பெறுகைதான். ஆயினும் தஞ்சாவூரிலோ கோயம்புத்தூரிலோ இருந்த ஒருவருக்கு நவம்பர் 1 காலையில் என்ன மாறியது?

திருத்தணிவாசி:
நீங்கள் இருவரும் தெற்கையும் சட்டப்பேரவையையும் பிடித்துக்கொண்டு பேசுவதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். 1956 நவம்பர் 1 அன்று திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளை ஆந்திரத்துக்குக் கொடுத்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நாங்கள் இங்கே வந்தோம். எல்லைதான் அளவுகோல் என்றால் எங்கள் நாளையும் கேட்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதியை மாநில நாளாக அறிவிக்கச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்பதால் நாங்கள் கேட்பதில்லை.

விளவங்கோட்டுக்காரன்:
சங்கரலிங்கனார் பற்றி அரசிதழ் பித்தன் சொன்னது சரி. ஆண்டு ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிட்டேன். திருத்தணி அன்பரின் குறையும் நியாயமானது.

இருந்தாலும் பெயர்தான் அளவுகோல் என்றால் ஜூலை 18 எப்படிப் பொருந்தும்? 1967-இல் அன்று நிறைவேறியது தீர்மானம் மட்டுமே. நாடாளுமன்றம் அதை ஏற்றுச் சட்டமாக்கியது 1968 நவம்பரில். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று. அரசிதழில் பித்துக்கொண்டவர் அரசிதழ்த் தேதியை விட்டுவிட்டுத் தீர்மானத் தேதியைப் பிடித்துக்கொள்வது விந்தையாக இருக்கிறது. கர்நாடகத்தாரைப் பாருங்கள்: மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது 1973-இல், அதுவும் நவம்பர் 1 அன்றே. நிலமும் பெயரும் அவர்களுக்கு ஒரே நாளில் அமைந்ததால் இந்தச் சண்டையே அங்கு எழவில்லை.

அரசிதழ் பித்தன்:
கர்நாடகத்தை எடுத்துக்காட்டியது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஜனவரி 14 பொங்கல் நாள் என்பதால் அதன்மேல் இன்னொரு விழாவை வைத்தால் யார் கண்ணிலும் படாது. ஆனால் என் வாதம் அந்த வசதியைச் சார்ந்ததன்று.

1963-இல் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா பெயர் மாற்ற மசோதாவைக் கொண்டுவந்தபோது, பெயரை மாற்றுவதால் என்ன பயன் என்று கேட்டார்கள். நாடாளுமன்றத்தை லோக்சபா என்றும் குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் மாற்றியதால் நீங்கள் பெற்ற பயன் என்ன என்று அண்ணா திருப்பிக் கேட்டார். தமிழ்நாடு என்ற பெயர் சிலப்பதிகாரத்திலேயே இருப்பதையும் எடுத்துச் சொன்னார். மசோதா தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து அவரே முதலமைச்சராக இருந்து முன்மொழிந்த தீர்மானம், ஆதித்தனார் பேரவைத் தலைவராக இருந்த அவையில், காங்கிரசின் எதிர்ப்பும் இன்றி ஒருமனதாக நிறைவேறியது. அண்ணா மூன்று முறை தமிழ்நாடு என்று சொல்ல, உறுப்பினர்கள் மூன்று முறையும் வாழ்க என்று முழங்கினார்கள். 1956-இன் எல்லைகளை டெல்லி வகுத்தது. ஜூலை 18-இல் இந்த மாநிலம் தன் பெயரைத் தானே சொன்னது. டெல்லி அதற்கு ஒப்புதல் அளித்த தேதி எனக்கு இரண்டாம் பட்சம்.

திருத்தணிவாசி:
எல்லைகளை டெல்லி மட்டும் வகுத்தது என்று எழுதாதீர்கள். சிறை சென்றவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

அரசிதழ் பித்தன்:
ஒப்புக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன், மற்றவை நிற்கும்.

விளவங்கோட்டுக்காரன்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஜூலையில் பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக என் மகள் வீட்டுக் கூடத்தில் நின்று ஒத்திகை பார்த்தாள். அண்ணா, தீர்மானம், மூன்று முறை வாழ்க, எல்லாம் இருந்தன. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா உலக்கையை நிறுத்திவிட்டு, மார்த்தாண்டம் எங்கே வருகிறது என்று கேட்டார். மகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அவளுக்குக் கொடுத்த குறிப்பிலும் அது இல்லை. மூன்று நிமிடப் பேச்சு என்பதால், முதலில் இருந்த வணக்கங்களைக் குறைத்து, ஆகஸ்ட் 11-ஐ இரண்டு வரியில் சேர்த்தோம்.