ஒப்பந்தத்தில் 'கோட் நிஞ்சா' என்று பதவி போடலாமா?

டர்பன்_நிர்வாகி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து உம்லங்கா ரிட்ஜில் 38 பேர் வேலை செய்யும் மென்பொருள் கம்பெனி. டெவலப்பர்களை 'கோட் நிஞ்சா', சப்போர்ட் ஆட்களை 'ஹேப்பினஸ் ஹீரோ' என்று மாற்றச் சொல்லி முதலாளி ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, செட்டா (தொழில்துறைப் பயிற்சி ஆணையம்) படிவம் எல்லாவற்றிலும் இதையே எழுதலாமா? அடுத்த மாதம் ஆள் எடுக்க விளம்பரமும் போட வேண்டும்.

சாட்ஸ்வர்த்_பேரோல்:
முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். எச்.ஆர். சாஃப்ட்வேரில் 'பதவி' ஒரு கட்டம், 'அழைக்கும் பெயர்' இன்னொரு கட்டம் என்று பிரித்துவிடுங்கள். வெளியே போகும் காகிதம் எதற்கும் முதல் கட்டம்தான்.

அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் மூன்று இடத்தில் இதைக் கேட்கிறது. சேரும்போது தரும் எழுத்து விவரத்தில் தொழிலின் பெயர் அல்லது வேலையின் சுருக்கம் (பிரிவு 29), சம்பளச் சீட்டில் தொழில் (பிரிவு 33), விலகும்போது தரும் சேவைச் சான்றிதழில் பதவி அல்லது வேலை விவரம் (பிரிவு 42). வீட்டுக் கடன் கேட்பவரின் சீட்டில் 'நிஞ்சா' என்று இருந்தால் வங்கியிலிருந்து உங்களுக்குத்தான் போன் வரும்.

செட்டாதான் பெரிய தலைவலி. ஏப்ரல் 30க்குள் தரும் பயிற்சித் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆறு இலக்க ஓ.எஃப்.ஓ. குறியீடு, அதாவது அரசின் தொழில் பட்டியல் எண், வேண்டும். சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு 251201. நிஞ்சாவுக்கு எண் கிடையாது. ஆண்டுச் சம்பளம் மொத்தம் 5 லட்சம் ராண்டைத் தாண்டினால் 1 சதவீதம் லெவி (பயிற்சி வரி) கட்டுகிறீர்கள்; அதில் 20 சதவீதம் திரும்பி வருவது இந்தப் படிவம் சரியாகப் போனால்தான். குறியீட்டைப் பதவிப் பெயரைப் பார்த்துப் போடாதீர்கள், அவர் தினமும் என்ன செய்கிறார் என்று பார்த்துப் போடுங்கள்.

ஃபீனிக்ஸ்_ரெக்ரூட்டர்:
விளம்பரத் தலைப்பு: 'ஜாவா பேக்எண்ட் டெவலப்பர், டர்பன்'. வேலை தேடுபவர் லிங்க்ட்இன்னில் தட்டுவது அதைத்தான். 'நிஞ்சா', 'ராக்ஸ்டார்' எல்லாம் இளவட்டப் பையன்களுக்கான வேலை மாதிரி தொனிக்கும். நாற்பது வயதுக்காரரும் பெண்களும் தாண்டிப் போய்விடுவார்கள் என்பது என் கணிப்பு. ஆசைப்பட்டால் இரண்டாம் பத்தியில் ஒரு வரி சேருங்கள்.

சப்போர்ட் பெயரை மட்டும் ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக்கில் சப்போர்ட் ஆட்களுக்கு 'ஹேப்பினஸ் இன்ஜினியர்' என்றுதான் பெயர். ஒரே வேலைக்கு எல்லாருக்கும் ஒரே பெயர், அதனால் குழப்பமில்லை. எலான் மஸ்க்கைக்கூடப் பாருங்கள்: 2021 மார்ச்சில் டெஸ்லாவின் 'டெக்னோகிங்' ஆனார், ஆனால் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்குக் கொடுத்த அதே அறிவிப்பில் சி.இ.ஓ. பதவியும் தொடரும் என்று எழுதியிருந்தது.

டர்பன்_நிர்வாகி:
நன்றி அண்ணா. ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவர் 'சீனியர்', ஒருவர் 'டீம் லீட்'. அவர்களும் 'நிஞ்சா'தானா?

சாட்ஸ்வர்த்_பேரோல்:
அங்கேதான் சிக்கல். சம்பளம் குறையாவிட்டாலும் அந்தஸ்து குறைந்தால் அதைப் பதவியிறக்கம் என்று வாதாடலாம். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 186(2) பிரிவில் நியாயமற்ற பதவியிறக்கமும் வருகிறது, தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ.வுக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. 'லீட்' இருந்த இடத்தில் வெறும் 'நிஞ்சா' நின்றால் நாளை வேறு கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போதும் அவருக்குத்தான் நஷ்டம். 'சீனியர்', 'லீட்' என்ற தரத்தைத் தொடாதீர்கள். அப்படியும் பதவியே மாறுவதென்றால், முதலில் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, பிரிவு 29 விவரத்தைத் திருத்தி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவில் (தட்டுப்பாடான திறன் உள்ளவர்களுக்கான வேலை விசா) யாராவது வந்திருந்தால் அவர் காகிதத்தில் கையே வைக்க வேண்டாம். பதவி விசாவில் உள்ள தொழிலோடு பொருந்த வேண்டும்.

ஒப்பந்தத்தில் இந்தப் பொருளில் ஒரு வரி போதும்: 'பதவி: சீனியர் சாஃப்ட்வேர் டெவலப்பர். நிறுவனத்துக்குள் வேறு பெயரால் அழைக்கலாம். அதனால் பதவி, தரம், சம்பளம் எதுவும் மாறாது.'