என் மாடித் தக்காளி கிலோ 1,376 ரூபாய் (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

மேலமடையிலிருந்து:

முதல்ல என் கணக்கைச் சொல்லிர்றேன். பிறகு நீங்க சொல்லுங்க.

2023 பங்குனியில மொட்டை மாடியில பதினஞ்சு பை வச்சேன். பை, ரெண்டு சாக்கு செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், தக்காளி நாத்து, மேல தூக்கிட்டு வந்த ஆட்டோக்காரருக்குக் கூலி எல்லாம் சேர்த்து 2,340 ரூபாய். நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வீட்டுக்காரர் என்னைக்காவது கேப்பார்னு தெரியும்.

செடி இடுப்பு உயரம் வந்துச்சு. மஞ்சப் பூ கொத்துக் கொத்தா. காலையில காபி டம்ளரோட மேல போய் பூவை எண்ணுறதுதான் என் வேலை. அப்புறம் அக்னி நட்சத்திரம் பிறந்துச்சு, பூவெல்லாம் காம்போட கழண்டு தரையில கிடந்துச்சு. தண்ணி பத்தலையோன்னு ரெண்டு வேளை ஊத்தினேன். சத்து பத்தலையோன்னு மீன் அமிலம் அடிச்சேன். செடிக்கு ஒண்ணும் ஆகல, தெருவுல உள்ள பூனை பூராம் மூணு நாள் எங்க மாடியிலதான் குடியிருந்துச்சு.

அக்கா மக ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில படிக்கிறா. வந்து பாத்துட்டுச் சிரிச்சா. "சித்தி, பகல்ல 35 டிகிரிக்கு மேல போனாலே தக்காளிப் பூவுல மகரந்தம் சரியா இருக்காது. ராத்திரியாவது சூடு இறங்கணும். இந்த தளம் பகல்ல குடிச்ச வெயிலை விடிய விடியக் கக்கிக்கிட்டு இருக்கு, பிறகெங்க காய் பிடிக்கும்?" நம்ம மதுரையில சித்திரை வைகாசியில நாப்பது சர்வ சாதாரணம். இது தெரியாமலா ஆடிப்பட்டம், தைப்பட்டம்னு பெரியவங்க நாள் குறிச்சு வச்சிருந்தாக?

மொத்த மகசூல் 1 கிலோ 700 கிராம். வகுத்துப் பாருங்க, கிலோ 1,376 ரூபாய் வரும். அந்த வருஷம் ஜூலையில தக்காளி நூறைத் தாண்டி, சென்னையில ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு அரசாங்கமே வித்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்பவும் கடைத் தக்காளி என் தக்காளியை விட எவ்வளவோ மலிவு.

நான் சொல்ல வந்தது அது இல்ல. காஞ்ச செடியைப் பிடுங்கிட்டுப் பைக்குள்ள கிடந்த களையையும் ஒரு வாளியில அள்ளிக் கீழ இறங்கினேன். வாசப்படி நிழல்ல கீரைக்கார ஆத்தா கூடையை இறக்கி வச்சுட்டு உக்காந்திருந்துச்சு. பத்து வருஷமா எங்க தெருவுக்கு வர்ற ஆளு. வாளிக்குள்ள கையை விட்டு ஒரு கொடியை எடுத்துச்சு.

"ஏத்தா, கீரையவா குப்பையில கொட்டப் போற?"

"களை ஆத்தா அது."

"களையா? ஒங்க அப்பத்தா இருந்து இதக் கேட்டிருந்தா வெளக்கமாத்த எடுத்திருக்கும்."

பருப்புக்கீரை. தண்டு செவப்பா, இலை தடிச்சு வழவழன்னு தரையோட படர்ந்து கிடக்கும். செம்மண்ணோட விதை வந்திருக்கு. தக்காளி செத்த அதே வெயில்ல, அதே பையில, நான் ஊத்தின தண்ணியக் குடிச்சு அது பாட்டுக்கு வளர்ந்திருக்கு. "பருப்புல போட்டுக் கடை. தக்காளி கேக்காது, அதுக்கே புளிப்பு உண்டு. விடியக்காலம் பறிச்சாத்தான் புளிக்கும், பொழுது சாயப் பறிச்சா சப்புன்னு போயிரும்"னுச்சு.

விடியக்காலக் கதைய நான் நம்பல. மறுபடி அக்கா மகளக் கேட்டேன். நெசந்தானாம். வெயில் கடுமையா இருக்கையில அந்தச் செடி பகல்ல வாயை மூடிக்கிட்டு ராத்திரியில காத்தை வாங்கும், வாங்கினதை அமிலமா சேத்து வச்சுப் பகல்ல செலவழிக்கும், தண்ணிய மிச்சம் பிடிக்க அதுக்குத் தெரிஞ்ச வழி அது, அதனால விடியுறப்ப புளிப்பு தூக்கலா இருக்கும்னா. ஆத்தா எந்தக் காலேஜுக்கும் போனதில்ல.

அன்னைக்குக் கடைஞ்சேன். வீட்டுக்காரர், "இன்னைக்கு என்ன தக்காளி தாராளமா விட்டிருக்க?"ன்னார். ஒண்ணு கூட விடல.

இப்படி ஒரு ஆளோ, ஒரு நாளோ உங்க அடுப்பங்கரையை மாத்தியிருந்தா எழுதுங்க.

ஆனையூரிலிருந்து:

எங்களுக்கு வாடகை வீடு, அதனால முதல் பிரச்சினையே வீட்டுக்காரம்மாதான். தளம் ஒழுகும், பாரம் தாங்காதுன்னாங்க. அவங்க சொன்னதுலயும் தப்பில்ல, நனைஞ்ச பை ஒண்ணைத் தூக்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும் அது என்ன கனம்னு. கடைசியில சுவரை ஒட்டித் தூணுக்கு மேல மட்டும் ஆறு பை வச்சுக்கங்கன்னு இறங்கி வந்தாங்க. இப்ப கறிவேப்பிலை, புதினா எல்லாம் அவங்க வீட்டுக்கும் இங்கிருந்துதான் போகுது. வாடகை மட்டும் குறையல.

செல்லூரிலிருந்து:

எனக்கு நாள் தேதியோட ஞாபகம் இருக்கு. 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை, தீபாவளிக்கு ஆறு நாள் முந்தி.

எங்க மாடி வீட்டு மதினியும் நானும் ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. காரணம் தோட்டந்தான். அவங்க மேல இருந்து தொட்டிக்குத் தண்ணி ஊத்துவாக, கீழ என் கொடியில காயிற துணியில செம்மண் கறை சொட்டும். நான் ஒண்ணு சொல்ல, அவங்க ரெண்டு சொல்ல, ஊரே கேட்டுச்சு.

அன்னைக்கு மத்தியானம் மூணு மணி வாக்குல பிடிச்ச மழை, ரெண்டு மூணு மணி நேரத்துல கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர்னு பிறகு சொன்னாக. பந்தல்குடி கால்வாய் பொங்கித் தெருவுக்குள்ள வந்துருச்சு. நான் முறுக்குக்கு அரைச்சு வச்ச மாவு டப்பா, வாசல்ல வச்சிருந்த கத்தரி, மிளகாத் தொட்டி எல்லாம் கண்ணு முன்னாடி மிதந்து போகுது. காலி சிலிண்டர் கூட மிதக்கும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். மதினி படியில நின்னு, "பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேல வாங்க"ன்னு கத்தினாக. போனோம்.

மேல அவங்க அடுப்பு எரியுது, வெஞ்சனத்துக்கு ஒண்ணும் இல்ல. கடைக்குப் போக வழி இல்ல. பக்கத்து வீட்டு முருங்கை மழையில முறிஞ்சு மதினி மாடிச் சுவர்ல சாஞ்சு கிடந்துச்சு. மொட்டை மாடியில எட்டு வீட்டுப் பொம்பளைக உக்காந்து செல்போன் வெளிச்சத்துல இலை உருவினோம். கீரையை வதக்கி, அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டுப் பொங்கி, அவங்க தொட்டியில இருந்த பச்சமிளகாயைக் கிள்ளிப் போட்டு எல்லாருக்கும் ஒரே சோறு. அந்தத் தொட்டிக்காகத்தான் நாங்க ரெண்டு வருஷம் சண்டை போட்டோம்.

தண்ணி வடிஞ்ச பிறகு முறிஞ்ச முருங்கையைப் போத்துப் போத்தா வெட்டிப் பங்கு வச்சாங்க. எங்க வீட்டுப் போத்து இப்ப ஆளுயரத்துக்கு மேல. மார்கழி குளிர்ல முருங்கைக்காய் என்ன விலை விக்கும்னு உங்களுக்கே தெரியும். காய் எனக்கும் அப்பக் காய்க்கிறதில்லதான், ஆனா கீரை வாங்கக் கடைக்குப் போனதில்ல. துணி மட்டும் இப்ப உள்ளதான் காயப் போடுறேன்.

திருநகரிலிருந்து:

2017 ஏப்ரல்ல வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்கத் தெர்மாகோல் அட்டை மிதக்கவிட்டப்ப விழுந்து விழுந்து சிரிச்சவன் நான். இப்ப தினமும் என் தொட்டி மண்ணு மேல காஞ்ச வேப்பஞ்சருகும் தேங்காய் மட்டையும் பரப்பிக்கிட்டு இருக்கேன். அணைக்குச் சரிப்படல, பைக்குச் சரிப்படுது, ரெண்டு வேளை ஊத்தினது ஒரு வேளையாச்சு. பழைய வேட்டியைக் கிழிச்சு மேற்கு வெயிலுக்குப் பந்தல் போட்டேன்.

ஒரு எச்சரிக்கை. குடிநீர் சுத்தப்படுத்துற மெஷின்ல கழிஞ்சு வர்ற தண்ணி வீணாகுதேன்னு செடிக்கு ஊத்தினேன். எங்க போர்த் தண்ணியே உப்பு, மெஷின்ல அந்த உப்பு இன்னும் கூடித்தான் வெளிய வருது. இலை ஓரமெல்லாம் கருகி, ஒரே மாசத்துல ஆறு செடி போச்சு. அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி, ஏசியில சொட்டுற தண்ணி இது மூணும் போதும். மெஷின் தண்ணியை வாசல் கழுவ வச்சுக்கங்க.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து:

மேலமடை அக்கா கோவிச்சுக்கிறக் கூடாது. நீங்கள்லாம் தக்காளி நூறு ரூபாய்க்கு வித்த கதையைச் சொல்றீக, நான் அது மூணு ரூபாய்க்கு வித்த கதையைச் சொல்றேன்.

எங்க பக்கம் வானத்தைப் பாத்த பூமி. 58 கிராமக் கால்வாய்னு பேரு பெரிசு, வைகை அணை 67 அடியத் தொட்டாத்தான் அதுல தண்ணி எட்டிப் பாக்கும். கிணத்துப் பாசனத்துல அரை ஏக்கர் தக்காளி போட்டிருந்தேன். மாசி கடைசியில எல்லாக் காட்டுலயும் ஒண்ணாப் பழுத்துருச்சு. பதினஞ்சு கிலோ பெட்டி 45 ரூபாய்னு கேட்டாங்க. பறிக்கிற கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக நான் கையில இருந்து போடணும். அப்படியே ரோட்டோரமா மாட்டுக்குக் கொட்டிக்கிட்டு இருந்தேன்.

மதுரை போற காரு ஒண்ணு நின்னுச்சு. இறங்கின அம்மா முகத்தைப் பாத்தா அழுதுரும் போல இருந்துச்சு. "ஏன் தம்பி கொட்டுறீங்க? எங்களுக்குத் தரலாம்ல?"ன்னாக. எத்தன கிலோ வேணும்னேன். ரெண்டு கிலோன்னாக. எங்க அம்மா வரப்புல உக்காந்திருந்துச்சு, எந்திரிச்சு வந்து, "ரெண்டு கிலோ வாங்கி என்ன செய்யப் போற தாயி, ஒரு பெட்டியத் தூக்கிட்டுப் போய் வத்தல் போடு"ன்னு ரோட்லயே பாடம் எடுக்க ஆரம்பிச்சுருச்சு.

நல்லா கெட்டிப் பழமா எடுத்து அடி ஒட்டி இருக்க நாலாக் கீறணும். கல்லுப்பு போட்டு ஒரு ராத்திரி மண்சட்டியில மூடி வைக்கணும். காலையில பாத்தா தண்ணி விட்டிருக்கும். பழத்தை மட்டும் எடுத்துப் பாயில காய வச்சு, பொழுது சாயத் திரும்ப அந்த உப்புத் தண்ணியிலயே போடணும். தண்ணி பூராம் உறிஞ்சுற வரைக்கும் இப்படியே, மோர்மிளகாய்க்குச் செய்யிற மாதிரி. பிறகு முறுக்கு மாதிரி ஒடியிற வரைக்கும் காய வைக்கணும். ஒரு பெட்டி காஞ்சா சுமாரா ஒரு கிலோ நிக்கும். குழம்புக்கு நாலு துண்டு போதும், உப்பு மட்டும் பாத்துப் போடணும். "வெயிலு வெயிலுன்னு வைறீகளே, அது சும்மாதான அடிக்குது, அதுகிட்ட வேலை வாங்குங்க"ன்னுச்சு எங்க அம்மா.

அந்தம்மா நூறு ரூபாய் குடுத்து ஒரு பெட்டி எடுத்துக்கிட்டாக. போறப்ப, "பச்சமிளகா கொஞ்சம் கொசுறு போடுங்க"ன்னு கேட்டாக பாருங்க, அதுதான் மதுரை.

தக்காளியை இப்பக் குறைச்சுட்டேன், குதிரைவாலி போடுறேன். மழை ஒண்ணு ரெண்டு தப்பினாலும் அது தாங்கும். மயிலுதான் தாங்க மாட்டேங்குது. விதைச்ச அன்னைக்கே கூட்டமா வந்து கிளறிருது. தேசியப் பறவை, கையை வச்சாக் கேஸு. ஊருல உள்ள பழைய சேலையெல்லாம் வாங்கிக் காட்டைச் சுத்திக் கட்டியிருக்கேன். தூரத்துல இருந்து பாத்தா ஜவுளிக்கடை மாதிரி இருக்கும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

பருப்புக்கீரை நல்லதுதான், ஆனா சிறுநீரகக் கல் உள்ளவங்க வீட்டுல அடிக்கடி செய்யாதீங்க. எங்க வீட்டுல ஒருத்தருக்குக் கல் எடுத்தப்ப டாக்டர் எழுதிக் குடுத்த பட்டியல்ல பசலையும் இருந்துச்சு, இதுவும் இருந்துச்சு. தக்காளி விலை மிச்சம் பண்ணப் போய் ஸ்கேனுக்குக் குடுத்துறாதீங்க.

மேலமடையிலிருந்து:

உசிலம்பட்டித் தம்பி, கோவமெல்லாம் இல்ல. வர்ற மாசி பங்குனியில அண்ணாநகர் உழவர் சந்தையில தக்காளி மலிஞ்சு கிடக்கிறப்ப உங்க அம்மா சொன்ன கணக்காத்தான் மூணு கிலோ வத்தல் போட்டுப் பாக்கணும்னு இருக்கேன். 1999ல தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தையா திறந்த இடம் அது, நான் நடந்து போற தூரம். அங்க விக்கிற விவசாயிக கிட்ட இனிமே கொசுறு கேக்க வாய் வராது போல.

செய்முறை கேட்டவங்களுக்கு: பாசிப்பருப்போ துவரம்பருப்போ அரை டம்ளர், பூண்டு நாலு பல்லு, பச்சமிளகா ரெண்டு, சின்ன வெங்காயம் ஒரு கை, கொஞ்சம் மஞ்சள். பருப்பு முக்கால் வேக்காடு வந்த பிறகு கீரையைப் போடுங்க, சீக்கிரம் குழைஞ்சுரும். மண்ணு ஒட்டியிருக்கும், மூணு தண்ணியில அலசணும். உப்பு கடைசியில. மத்தால கடைஞ்சு நல்லெண்ணெயில கடுகு, வரமிளகா தாளிங்க. மிக்சியில போட்டா கோந்து மாதிரி இழுக்கும், நான் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

இப்ப பதினஞ்சு பையில நாலுல தக்காளி, அதுவும் ஆடி முடிஞ்ச பிறகுதான். ரெண்டுல கத்தரி. மிச்சத்துல தானா வந்ததைப் பிடுங்காம விட்டிருக்கேன்.

முந்தாநாள் கீரைக்கார ஆத்தா வந்துச்சு. மழை சரியில்லாமக் கீரை வரத்தே இல்லையாம், கூடையில அரைக்கீரை நாலு கட்டுத்தான் கிடந்துச்சு. மாடிக்கு வந்து பையெல்லாம் ஒரு சுத்துப் பாத்துட்டு, முந்தியை விரிச்சு ரெண்டு பை பருப்புக்கீரையைக் கிள்ளிக்கிருச்சு. "அடுத்த தெருவுல கேட்டாக"ன்னுச்சு. நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் சுருக்குப்பையைத் திறந்து பத்து ரூபாய்த் தாளை என் கையில திணிச்சுட்டு இறங்கிப் போயிருச்சு.

நோட்டுல எழுதிட்டேன். வரவு 10. பாக்கி 2,330.