குடல் சளியைத் தின்னும் பாக்டீரியா நல்லதா, கெட்டதா?

செந்தூல் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு, மலத்தோடு சளி மாதிரி போகிறது. ஸ்கோப் செய்து பார்த்துவிட்டுப் பெருங்குடலில் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் இரவில் தூங்காமல் இதையேதான் படிக்கிறேன். அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா குடல் சளியையே தின்னுமாம், ஆனால் அதையே நல்ல கிருமி என்று மாத்திரையாக விற்கிறார்கள். சளிதான் குடலுக்குக் காவல் என்றால் அதைத் தின்பது எப்படி நல்லது? அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பாயான் லெப்பாஸ் டீச்சர்:
தங்கச்சி, பெருங்குடலில் இந்தச் சளி இரண்டு அடுக்கு. சுவரை ஒட்டிய உள் அடுக்கு இறுக்கமானது, அங்கே கிருமிகள் அநேகமாக நுழையாது. வெளி அடுக்கு தளர்வானது, கிருமிகள் குடியிருப்பதே அங்கேதான். ஸ்வீடனின் கோதென்பர்க் ஆய்வாளர்கள் 2008-ல் இதைக் காட்டினார்கள். உள்ளே புதிய சளி ஊற ஊற, பழையது நெகிழ்ந்து வெளி அடுக்காகிவிடும், அக்கர்மான்சியா மேய்வது அதைத்தான். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இந்தப் படலம் சரியாக அமைவதே இல்லை, கிருமிகளைக் கொடுத்த பிறகு சீராக ஆறு வாரம் போல ஆனது! அதனால் தின்பது தப்பில்லை, ஊறுவதைவிட வேகமாகத் தின்றால்தான் ஆபத்து.

அது எப்போது நடக்கும்? கிருமிக்கு நார்ச்சத்து கிடைக்காதபோது. மனிதக் குடலின் 14 வகைக் கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்து, நாரில்லாத தீனி போட்டுப் பார்த்தார்கள் (2016). கிருமிகள் சளியையே தின்னத் தொடங்கிப் படலம் மெலிந்தது, அப்புறம் கொடுத்த நோய்க்கிருமி சுவர் வரைக்கும் போய்விட்டது. நார் கிடைத்தால் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தரும், பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான்.

மாத்திரை விஷயம்: 2019-ல் வெளியான மனிதச் சோதனை, உடல் எடை கூடி இன்சுலின் சரியாக வேலை செய்யாத 32 பேரிடம் நடந்தது. அப்பாவின் நோய்க்கு அது பதில் இல்லை. பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
எனக்கும் இதே நோய்தான், ஒன்பது வருஷமாக. டீச்சர் சொல்வது சரி, ஆனால் நார் நல்லது என்று கேட்டதும் இன்றைக்கே கங்கோங் கீரை, பெத்தாய் கொட்டை, கடலை என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள்மா. புண் கிளம்பியிருக்கும் சமயத்தில் அப்படிச் சாப்பிட்டு இரண்டு நாள் வலியில் சுருண்டு கிடந்தேன். அடங்கிய பிறகு, டயட்டீஷியனிடம் கேட்டு, ஓட்ஸ் கஞ்சி, குழைய வேகவைத்த பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். உடம்பு தேறியது போலத் தெரிந்தாலும் மருந்தை நிறுத்த விடாதீர்கள். ரத்தம் போகிறதா?

செந்தூல் மகள்:
இரண்டு நாளாக லேசாகப் போகிறது அண்ணே, சாதாரணம் என்று நினைத்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் எல்லாம் காத்திருக்காதீர்கள், இப்போதே போன் போட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.