நியூ ஆர்லியன்ஸில் பழைய பாணி ஜாஸ்: எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

பாம்பன்வாசி:
அமெரிக்காவில் ஹூஸ்டனில் வேலை பார்க்கும் மகன், என்னையும் என் மனைவியையும் நியூ ஆர்லியன்ஸுக்கு அழைத்துச் சென்று ஜாஸ் கச்சேரி கேட்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். தங்கச்சிமடத்துத் திருவிழாக்களில் சப்பரத்தின் பின்னே பேண்டு வாத்தியம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் அவன் கைப்பேசியில் அனுப்பிய பதிவில் டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாட்டை வாசித்துச் சண்டையிடுவதுபோலவே இருந்தது. நேரில் போய் விழிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கீழக்கரை மாலுமி:
கப்பல் வேலையில் இருந்த காலத்தில் அந்தத் துறைமுகத்தில் இரண்டு முறை இறங்கினேன்; இரண்டு முறையும் செயின்ட் பீட்டர் தெருவிலுள்ள பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்குக்குத்தான் போனேன். 1961 முதல் நடக்கும் இடம் என்றாலும், நம் ஊர்ப் பழைய வீட்டுக் கூடத்தை நினைவூட்டும் சிறிய அறைதான். சில பெஞ்சுகள், தரையில் சில திண்டுகள், மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். ஒலிபெருக்கி கிடையாது. முக்கால் மணி நேரத்தில் கச்சேரி முடிந்துவிடும். விரும்பிய பாட்டைக் கேட்பதற்குக் கட்டணம் எழுதிய பலகை ஒன்று அங்கே பிரசித்தம். எல்லாரும் கேட்டுக் கேட்டு வாத்தியக்காரர்களுக்கே சலித்துப்போன ஒரு பாட்டுக்கு மட்டும் தொகை கூடுதல்.

உங்களுக்குச் சண்டையாகக் கேட்டதற்குப் பாதிக் காரணம் கைப்பேசிதான். அதன் சிறிய ஸ்பீக்கரில் டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியத்தின் அடிக்குரல் வராது. அடித்தளம் போய்விட்டால் மேலே நடப்பதெல்லாம் இரைச்சல்தான். மெட்டு பெரும்பாலும் டிரம்பெட்டிடம் இருக்கும் என்பதால் முதல் சுற்றில் அதை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த சுற்றில், அதற்கு மேலே ஏறி இறங்கிப் பின்னிக்கொண்டே போகும் கிளாரினெட்டைக் கேளுங்கள். டிராம்போன் கீழே வழுக்கிக்கொண்டு வந்து, மற்ற இருவரும் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்பும். வாசிப்பவரின் கை முன்னும் பின்னும் போவதைக் கண்ணால் பார்க்கும்போது காதுக்கும் அது தானாகப் பிடிபடும்.

சைடு டிரம்:
நான் பேண்டு செட்டில் வாசிப்பவன். நமக்குச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், தட்டித்தான் பழக்கம். அங்கே நான்கு அடியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் தட்ட வேண்டும். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டலாம்; அது மரியாதைக் குறைவன்று. அந்த ஊரில் இறுதி ஊர்வலத்துக்கும் பேண்டு உண்டு. கல்லறைக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாடல். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் இசை, பின்னால் குடையும் கைக்குட்டையுமாக ஆடிவருகிற கூட்டம். நாங்கள் கல்லறையிலிருந்து திரும்பும்போது வாத்தியத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேசாமல் நடந்துவிடுவோம்.

தொண்டி ரசிகர்:
போவதற்கு முன், பழைய ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவர் குழுவின் 1923 பதிவுகளைக் கேளுங்கள்; பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங் இளைஞராக அதில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) வாசிக்கிறார். மைக் வருவதற்கு முன், புனல் குழாய் வழியாகப் பதிந்தவை என்பதால் தாளம் மங்கலாகத்தான் கேட்கும்; அதை வைத்து நேரடிக் கச்சேரியை எடைபோட வேண்டாம்.

பாம்பன்வாசி:
மாலுமிக் காக்கா, நீங்கள் சொன்னதை வைத்து, மகன் அனுப்பிய அதே பதிவைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். டியூபா கேட்டது, சண்டையும் பாதி அடங்கியது. என் மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் முக்கால் மணி நேரம் நிற்க முடியாது. பெஞ்சில் இடம் கிடைக்குமா?

கீழக்கரை மாலுமி:
கூடுதல் விலைச் சீட்டு வாங்கினால் முன்வரிசையில் உட்காரலாம், தம்பி. மகனிடம் இப்போதே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.